வட்டானையின் கழுத்து அட்டை

போன கிழமை ஒரு பிள்ளை எனக்குப் போன் எடுத்தாள். மென்பொருள் சோதிக்கும் வேலையில் சேர்ந்து மூன்று மாதம். அவளுடைய நியமனக் கடிதத்தில் 'தரப் பொறியியலாளர்' என்று போட்டிருக்கிறதாம். பக்கத்து மேசைக்காரிக்கு 'சோதனை ஆய்வாளர்' என்று போட்டிருக்கிறதாம். காலையில் வந்ததும் இருவரும் ஒரே பட்டியலை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். "ராத்தா, இதுல ஆரு பெரிய ஆள்?" என்று கேட்டாள். சிரித்துவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள்.

மகள், அது உன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பல்ல. எனக்கு ஒரு வட்டானை, வயல் காவலர் ஒருவர், ஞாபகத்துக்கு வந்தார். அவருடைய கதையைச் சொல்கிறேன். மற்றப் பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் என் பட்டங்களைச் சொல்லிவிட வேண்டும். நான் பல்கலைக்கழகப் படியேறியவள் இல்லை. சாய்ந்தமருதில் தட்டெழுத்து வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் தடுக்கி விழும் என்பது விழுவதற்கு முன்பே தெரிந்துவிடும். அந்தக் கண்ணை நம்பித்தான் கல்முனையில் புடவைக் கடைக்கு மேல்மாடியில் கம்பனி வைத்திருந்த முதலாளி என்னைச் சேர்த்தார். மற்றவர்கள் எழுதும் மென்பொருளை, அது ஆட்களின் கைக்குப் போகுமுன் நான் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

மொத்தம் எட்டுப் பேர். முதலாளி நல்ல மனிதர். சம்பளம் கூட்ட முடியாத வருடங்களில் பட்டம் கூட்டுவார். டெஸ்டராகச் சேர்ந்த நான் சிரேஷ்ட டெஸ்டர் ஆனேன், டெஸ்ட் லீட் ஆனேன், தர முகாமையாளர் ஆனேன், கடைசியில் தலைமைத் தர அதிகாரி ஆனேன். ஒவ்வொரு முறையும் புது விசிட்டிங் கார்ட் வரும். கதிரை மட்டும் பழையதே. அதன் இடது கை உடைந்திருந்ததால் ஐந்து பட்டங்களையும் நான் வலது பக்கம் சாய்ந்தபடிதான் வகித்தேன்.

தலைமை அதிகாரிக்குக் கீழே ஒரு திணைக்களம் இருக்க வேண்டும் அல்லவா? என் திணைக்களத்தின் பெயர் தர்ஷினி. பாண்டிருப்புப் பிள்ளை. அவளுக்கு 'தானியங்கிச் சோதனைப் பொறியியலாளர்' என்று பட்டம். அவள் எதையும் தானாக இயங்க வைத்ததை நான் பார்த்ததில்லை. அவளுடைய உண்மையான வேலை, வாடிக்கையாளர்களுக்குப் போன் எடுத்து அவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று வாயைக் கிளறுவது. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மென்பொருள் எழுதும் ரிஸ்வி 'கட்டமைப்பு வடிவமைப்பாளர்'. மின்விசிறி நின்றுபோனால் ஏறித் திருத்துபவரும் அவர்தான். "ராத்தா, இந்தக் கந்தோர்ல கதிரையவிடப் பதவி கூட" என்பாள் தர்ஷினி.

இப்படி இருக்கும்போதுதான் தண்ணீர் வேலை வந்தது.

இறக்காமத்துப் பக்கம் ஒரு குளத்தின் கீழ் இருக்கும் வயல்களுக்குச் சிறுபோகத்தில், அதாவது மழையில்லாத காலத்து வேளாண்மையில், முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். இன்ன நாள் இன்ன கண்டத்துக்கு என்று கணக்கு. கண்டம் என்பது ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் வயல்களின் கூட்டம். அந்தக் கண்டத்துக்கு விவசாயிகள் கூடித் தெரிவுசெய்யும் காவலர்தான் வட்டவிதானை. எங்கள் பக்கத்துப் பேச்சில் வட்டானை. வேலி பார்ப்பது, மாடு விரட்டுவது, தண்ணீர் வரும் காலையில் வாய்க்கால் ஓரமாகப் போய் மடை திறக்கச் சொல்லிக் குரல் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

அந்தக் குரலுக்குப் பதிலாகத்தான் எங்கள் மென்பொருள். முதல்நாள் மாலையே போனுக்குச் செய்தி போய்விடும்: நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் வயலுக்குத் தண்ணீர். கொழும்பில் ஒரு நிறுவனம் இதற்கு உதவி செய்தது. அவர்கள் ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். அடுத்தடுத்த இரண்டு முறைத் தண்ணீரும் செய்தியால் மட்டுமே அறிவிக்கப்பட்டது, வாயால் எவருக்கும் சொல்லப்படவில்லை என்று அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. ஒன்று தலைமைத் தர அதிகாரி. மற்றது 'பயனர் ஏற்புச் சோதனையாளர்'. பயன்படுத்தப் போகும் ஆட்களில் ஒருவர் சோதித்துப் பார்த்து, சரி என்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள்.

முதலாளி அந்தக் கண்டத்து வட்டானையையே கூட்டிக்கொண்டு வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தொப்பியும் பழைய மோட்டார் சைக்கிளுமாக வந்து நின்றார். அவருக்குப் பட்டத்தை ஒரு அட்டையில் அச்சடித்து, நீல நாடாவில் கோர்த்து, முதலாளி தன் கையாலேயே கழுத்தில் போட்டுவிட்டார். வட்டானை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு என்ன வேலை?"

வேலை ஒன்றுமில்லை, முடிவில் ஒரு கையெழுத்து வைத்தால் போதும் என்றார் முதலாளி.

"வேலையில்லாட்டி என்னத்துக்குப் பேரு?" என்றார் வட்டானை. முதலாளி சிரித்தார். வட்டானை சிரிக்கவில்லை.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சோற்றுப் பார்சலோடு கந்தோருக்கு வந்துவிட்டார். சோதனையாளர் என்றால் சோதிக்க வேண்டுமே. அவருக்கு நான்தான் தொழில் சொல்லிக்கொடுத்தேன். பெரிய தோரணையில் இரண்டு விதி சொன்னேன். கண்ணால் காணாததை எழுதக்கூடாது. சோதனை நடக்கும்போது நடுவில் புகுந்து உதவி செய்யக்கூடாது. செய்தால் மென்பொருள் வேலை செய்ததா நாம் வேலை செய்தோமா என்று தெரியாமல் போய்விடும். அவர் இரண்டையும் திருப்பிச் சொல்லிப் பாடமாக்கினார். பிறகு கழுத்து அட்டையோடேயே வயலுக்குப் போனார். அதோடுதான் மாடும் விரட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

முதல் முறை ஒரு சனிக்கிழமை. வெள்ளி மாலை செய்திகள் போயின. ஒன்றுகூடப் பிசகாமல் போய்ச் சேர்ந்ததாகத் திரையில் பச்சையாக விழுந்தது. என் போனுக்கும் வந்தது. ஏனென்றால் அந்தக் கண்டத்தில் எனக்கும் மூன்று ஏக்கர் இருக்கிறது. எங்கள் ஊர்களில் கலியாணத்தின்போது வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். வயல் இருந்தால் அதையும்தான். என் வாப்பாவும் அப்படி எழுதிவைத்தார். வந்த செய்தியை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஆ, நல்லா வேல செய்யுதே" என்று சொல்லிவிட்டு அவர் பள்ளிக்குத் தொழப் போனார். நான் படிவத்தை எடுத்து முதல் முறைக்கு எதிரே 'பாஸ்' என்று எழுதி, ஒப்பம் வைத்து, அழகுக்கு ஒரு கோடும் இழுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வட்டானை வந்தார். சேற்றுக் காலோடு ஏறி வந்ததால் படிக்கட்டெல்லாம் தடம்.

"தண்ணி வந்துத்து. போயித்து. ஒருத்தரும் மடை தொறக்க வரல்ல."

ரிஸ்வி சிக்னல் பிரச்சினையாக இருக்கும் என்றார். முதலாளி சனங்களுக்குச் சோம்பல் என்றார். வட்டானை பெயர்ப்பட்டியலை வாங்கினார். விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். எல்லாம் பெண் பெயர். காணிப் பதிவில் இருந்தபடியே பட்டியல் எடுத்திருந்தோம். காணி யார் பெயரிலோ அவர் போனுக்குச் செய்தி. வயலில் நிற்பவர்கள் வேறு ஆட்கள். முக்கால்வாசி வயலை முல்லைக்காரர்கள்தான் செய்கிறார்கள். சொந்தக்காரருக்காக வயலைப் பொறுப்பெடுத்துச் செய்பவரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வது. வட்டானையின் விரல் ஒரு இடத்தில் நின்றது.

"இது ஆரு?"

நான்தான் என்றேன்.

"ஓ, அந்த மூணு ஏக்கர் நீங்களா? வயல் எந்தப் பக்கம் எண்டு தெரியுமா ராத்தா?"

ஜன்னலைக் காட்டினேன். அது கடல் இருக்கும் திசை என்று தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

அன்று பகல் முழுக்க அவள் பட்டியலில் இருந்தவர்களுக்குப் போன் எடுத்தாள். மருதமுனையில் ஒரு உம்மா, குழாய்த் தண்ணீரை வெட்டப்போகிறார்கள் என்று நினைத்து வீட்டிலிருந்த அண்டா, குடம், பிள்ளையின் குளிப்பு வாளி எல்லாவற்றையும் நிரப்பி வைத்திருந்தாளாம். இன்னொருத்தி கட்டாரில் இருந்தாள். இன்னொருத்தி ஏமாற்றுக்காரர்கள் அனுப்பிய செய்தி என்று அழித்துவிட்டாள். தலைமைத் தர அதிகாரியான நான் என்ன செய்தேன் என்பதைத்தான் மேலே சொன்னேனே. அந்தச் செய்தியை வைத்துக்கொண்டு ஒரு மனிசி என்ன செய்வாள் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். வந்ததா என்று பார்த்தேன், வந்தது, பாஸ்.

ரிஸ்வியோடு எனக்குச் சண்டை வந்தது. உரிமையாளருக்கு அனுப்பு என்றார்கள், அனுப்பினேன், இதில் என் பிழை எங்கே என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. என் பாஸிலும் சட்டப்படி பிழையில்லை. ஆனால் விதைத்துப் பன்னிரண்டு நாள் ஆன பயிர். அடுத்த முறை வியாழக்கிழமை. அதுவும் தவறினால் வெயில் தின்றுவிடும் என்று வட்டானை சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

முல்லைக்காரர்களின் போன் இலக்கங்களைச் சேர்க்க இரண்டு கிழமையாவது வேண்டும். கொழும்பு ஆட்களோ அதே வியாழன் மத்தியானம் வருகிறார்கள். பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. இரண்டாம் முறைக்கும் பாஸ் விழாவிட்டால் அவர்கள் வேலையை வேறு கம்பனிக்குக் கொடுப்பார்கள், எட்டுப் பேரும் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார் முதலாளி. என் கதிரையை நினைத்தபோது அது பெரிய பாரமாகத் தெரியவில்லை. மற்ற ஏழு பேருடைய கதிரைகள்தான் பாரமாகத் தெரிந்தன. தர்ஷினி அந்தப் பெண்களிடம், இந்த முறையாவது வயல் செய்கிறவருக்குச் சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருந்தாள். எல்லாரும் ஓம், ஓம், சொல்லுறம் என்றார்களாம். "ஓம் எண்டு ரெண்டு தரம் சொன்னா செய்யமாட்டாங்க ராத்தா" என்றாள்.

நானும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவரும் ஓம், ஓம் என்றார்.

வியாழன் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு தர்ஷினியும் நானும் ஒரு ஆட்டோ பிடித்துப் போனோம். கலியாணமான புதிதில் பார்த்த வயல். வரம்பில் இறங்கி, பச்சையாக நின்ற ஒன்றைக் காட்டி, மாஷா அல்லாஹ் என் வயல் எவ்வளவு செழிப்பு என்றேன். அது பக்கத்துக் கண்டம். என்னுடையது அதற்கு இந்தப் பக்கம், தலைமுடி உதிர்ந்த மாதிரி மஞ்சளாகக் கிடந்தது. யானைக்குக் காவல் இருந்த பரணின் கீழ் ஒருவர் குந்திக்கொண்டிருந்தார். பெயர் தங்கராசா, காரைதீவு ஆள். ஒன்பது வருடமாக என் வயலைச் செய்பவர் அவர்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். தண்ணீர் எப்போது வரும் என்று அவரையே கேட்டேன்.

"வட்டானதான் சத்தம் வைக்கிறவர் அக்கா. இப்ப கொஞ்ச நாளா அவர் வாயத் தொறக்கிறல்ல. கழுத்துல என்னமோ கட்டியிருக்கார். நேர்த்திக்கடனோ என்னவோ."

வாய்க்கால் முனையில் வட்டானை நின்றுகொண்டிருந்தார். நீல நாடா, அட்டை, கையில் பேனா. மேலே குளத்து மதகு திறந்தாகிவிட்டது. நுரையோடு முதல் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. கண்டம் முழுக்க இரண்டு பேர்தான் மடையில் நின்றார்கள். அதில் ஒருவர் மாடு தேடி வந்தவர். மற்ற முல்லைக்காரர்கள் சற்றுத் தள்ளி, மரத்தடித் தேநீர்க் கடையில் இருந்தார்கள். ஒரு சத்தம் வைத்தால் போதும், ஓடி வந்துவிடுவார்கள்.

வட்டானை, கூப்பிடுங்கள் என்றேன்.

அவர் அட்டையைத் தொட்டுக் காட்டினார். "ராத்தா, இப்ப நான் டெஸ்டர். டெஸ்டர் நடுவுல பூந்தா டெஸ்ட் பாழாப் போகும் எண்டு நீங்கதான் சொன்னீங்க."

அது உண்மை. என் வாயால் சொன்னதுதான். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. அவர் கண் வாய்க்கால் தண்ணீரை விட்டு அகலவில்லை. இரவு முழுக்கத் தூங்காத கண் மாதிரி சிவந்திருந்தது. கையெழுத்து வைக்கப் போகிறவர் அவர். பொய்யாக வைக்க அவருக்கு மனமில்லை. பயிரும் அவருடைய பொறுப்பு. இரண்டையும் ஒரே கழுத்தில் கட்டிவிட்டது நாங்கள்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் போன் வந்தது. எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டார். சொன்னேன். பரவாயில்லை ராத்தா, ஒன்றும் செய்யாதீர்கள், செய்திகள் போய்ச் சேர்ந்த அறிக்கை இருக்கிறது, அது போதும் என்றார். தண்ணீர் தங்கராசாவின் மடையைத் தாண்டிக்கொண்டிருந்தது. மடை பூட்டியபடி. தங்கராசா எழுந்து நின்று தண்ணீரையும் வட்டானையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டெஸ்ட்ட நிப்பாட்டுறதெண்டா நீங்கதான் நிப்பாட்டணும்," என்றார் வட்டானை. "உங்கட கார்ட்லதான தலைமை எண்டு போட்டிரிக்கி. எழுதித் தாங்க. நான் இந்த நிமிசமே கூப்பிடுறன்."

போனை அப்படியே தர்ஷினியிடம் கொடுத்தேன். முதலாளியோடு கதைத்துக்கொண்டே இரு என்றேன். அவளுடைய உண்மையான வேலை அதுதானே. வரம்பில் குந்தி, முழங்காலில் படிவத்தை வைத்து, இரண்டாம் முறைக்கு எதிரே 'ஃபெயில்' என்று எழுதினேன். முதல் முறையின் பாஸை வெட்டி அதிலும் ஃபெயில் என்று எழுதினேன். நான் இழுத்திருந்த அழகுக் கோட்டையும் வெட்டினேன். ஒப்பம் வைத்தேன். இந்த முறை அழகுக்குக் கோடு இழுக்கவில்லை.

வட்டானை தாளை வாங்கி ஒரு தரம் படித்தார். பிறகு கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றினார். சுற்றுமுற்றும் பார்த்து, வேறு இடம் கிடைக்காமல், என் கழுத்தில் போட்டார். இரண்டு கையையும் வாயில் குவித்து ஒரு சத்தம் வைத்தார் பாருங்கள், ஆட்டோவில் நித்திரையாக இருந்த டிரைவர் எழும்பி வண்டியை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். தேநீர்க் கடை காலியானது. மண்வெட்டிகளோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் வட்டானையை ஏசிக்கொண்டே மடை திறந்தார்கள். இத்தனை நாளும் வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தாய் என்று ஒருவர் கேட்டார். வட்டானை எல்லாருக்கும் சலாம் சொல்லிக்கொண்டே ஓடினார். வாழ்க்கையில் ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. என் மூன்று ஏக்கரில் தண்ணீர் ஏறியதை நான் நின்று பார்த்தேன். பார்க்க வேண்டியதை அன்றுதான் பார்த்தேன்.

மத்தியானம் வட்டானையையும் கூட்டிக்கொண்டு கந்தோருக்கு வந்தபோது முதலாளி என்னோடு கதைக்கவில்லை. தர்ஷினி ஒரு யோசனை சொன்னாள்: தாளைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்போம், பிரியாணி சாப்பிட்ட ஆட்களால் உடனே கோபப்பட முடியாது. அப்படியே செய்தோம். கொழும்பிலிருந்து வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண்மணி. தயிர்ச் சம்பல் வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுத் தாளை வாசித்தார். சோதனையை நிறுத்தியது யார் என்று கேட்டார். முதலாளி கையை நீட்டி, "எங்கட தலைமைத் தர அதிகாரி" என்றார். அந்தப் பட்டத்தை அவர் முழுதாக உச்சரித்ததை நான் கேட்டது அன்றுதான்.

வந்தவருக்கு நான் விளக்கம் சொல்லத் தொடங்கினேன். இரண்டாவது வசனத்திலேயே சிக்கிக்கொண்டேன். வட்டானை எழுந்தார். செய்தி நல்ல செய்தி என்றார். போகிற இடம்தான் பிழை. மண்வெட்டி பிடிக்கிறவரின் இலக்கத்தைப் போட்டுத் தந்தால் தானே கையெழுத்து வைக்கிறேன், அதுவரை தன் தொண்டை இருக்கிறது என்றார். அந்த அம்மா தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். பிறகு, இதைக் கண்டுபிடிக்கத்தானே சோதனை என்று சொல்லி ஒரு மாதம் தவணை தந்தார். முதலாளி அப்போதுதான் தன் பிரியாணியைச் சாப்பிடத் தொடங்கினார்.

தர்ஷினியும் வட்டானையும் வரம்பு வரம்பாகப் போய் இலக்கம் சேர்த்தார்கள். ரிஸ்வி பட்டியலில் காணிக்காரர் நிரலுக்குப் பக்கத்தில் இரண்டாவது நிரல் சேர்த்தார். அதற்கு என்ன தலைப்பு போடுவது என்று அரை நாள் கூட்டம் நடந்தது. பயனாளி, பங்காளர், கள இணைப்பாளர் என்று முதலாளி அடுக்கிக்கொண்டே போனார். ரிஸ்வி கேட்டுக் களைத்து, 'மண்வெட்டி பிடிக்கிறவர்' என்று தட்டிவிட்டார். இன்றுவரை அந்த மென்பொருளில் அப்படித்தான் இருக்கிறது. அடுத்த இரண்டு முறையும் ஆட்கள் மடையில் நின்றார்கள். வட்டானை கடைசி மடைவரை நடந்து பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்து வைத்தார்.

என் பெயர் பட்டியலின் முதல் நிரலில் இருக்கிறது. இப்போதும் செய்தி வரும். வந்தவுடன் தங்கராசாவுக்குப் போன் எடுப்பேன். தனக்கு எப்போதோ வந்துவிட்டது என்பார். இருந்தாலும் எடுப்பேன்.

ஓய்வு பெற்ற நாளில் முதலாளி எனக்கு ஆறாவது பட்டமும் தந்தார், 'கௌரவ ஆலோசகர்' என்று. அந்தக் கார்டுகள் பெட்டி பிரிக்காமல் கிடக்கின்றன. கதிரை தர்ஷினிக்குப் போனது. வலது பக்கம் சாயச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனி உன் கேள்வி, மகள். ஆர் பெரிய ஆள் என்று எனக்குத் தெரியாது. போன மாதம் வயலுக்குப் போயிருந்தேன். தேநீர்க் கடையில் இருந்த முல்லைக்காரர்கள் தூரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டதும், டெஸ்டர் வாறார், டெஸ்டர் வாறார் என்று அவசர அவசரமாகத் தேநீரைக் குடித்தார்கள். கண்டத்தில் எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம். இத்தனை வருடம் இந்தத் தொழில் செய்த நானும் வேறு யாரோ வருகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். வட்டானை இறங்கி, எனக்குச் சலாம் சொல்லிவிட்டு, நேரே போய் என் வயலின் மடையைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"ஒழுகுது ராத்தா," என்றார். "எழுதிக்கொள்ளுங்க."